நடனமாதரின் ஆடையும் திருவிருந்துப் பந்தியும்: விக்டோரியா கால பாலே நடனமும் இங்கிலாந்துத் திருச்சபையும்

திருச்சபை வரலாற்றைப் பயில்வோர் பொதுச் சங்கங்களையும் விசுவாசப் பிரமாணங்களையும் சீர்திருத்தத் தலைவர்களின் வாழ்க்கையையும் ஆழ்ந்து கற்பது இயல்பு. நாடக மேடையில் ஒரு பெண் உடுத்திய பாவாடையின் நீளம் திருச்சபை வரலாற்றில் இடம்பெறத்தக்க செய்தியா என வாசகர் வியக்கக்கூடும். ஆயினும் விக்டோரியா அரசியார் ஆண்ட காலத்தில் (1837–1901) லண்டன் மாநகரில் அப்பாவாடையை முன்னிட்டுப் பேராயருக்கும் குருவானவருக்குமிடையே நெடுநாள் வழக்கு நடந்தது. அக்குருவானவர் பல்லாண்டுகள் பணியுரிமையின்றி வாழ நேர்ந்தது. அவ்வழக்கின் அடியில், கிறிஸ்துவின் பந்தியில் யாருக்கு இடம் உண்டு என்ற வினாவே இருந்தது. பாலே எனப்படும் நடனத்தின் ஆடை எவ்வாறு உருவாயிற்று, அதனை உடுத்திய பெண்கள் எவ்வாறு வாழ்ந்தனர், திருச்சபை அவர்களை எக்கண்கொண்டு நோக்கிற்று என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஓர் ஆடையின் தோற்றம்

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு நாட்டு மேடைகளில் ஆடிய பெண்கள் அரசவைச் சீமாட்டிகளைப் போலவே நிலத்தளவு நீண்ட கனத்த பட்டாடைகளை அணிந்தனர். அவ்வாடையில் பாதங்களின் அசைவு வெளியே தெரிவதில்லை. மரீ கமார்கோ என்னும் நடனமாது தம் காலடி நுட்பங்கள் அவையோருக்குப் புலப்படவேண்டுமென்று பாவாடையைக் கணுக்காலுக்கு மேலாகச் சற்றே உயர்த்தியபோது அது பெரும் துணிச்சலாகக் கருதப்பட்டது. ஆடையின் நீளம் குறைந்ததற்குக் கலையின் தேவை ஒரு காரணம் என்பதை நாம் தொடக்கத்திலேயே குறித்துக்கொள்ளல் நலம்.

பாலே ஆடை என்று உலகம் இன்று அறியும் வடிவம் 1832ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் பாரிஸ் ஓபரா அரங்கில் தோன்றியது. அன்று மரீ தாலியோனி என்பவர் ‘லா சில்ஃபீட்’ என்னும் நாட்டிய நாடகத்தில் காற்றில் வாழும் ஓர் ஆவியுருவாக ஆடினார். உடலோடு ஒட்டிய மேற்கச்சு, மணியைப் போல் விரிந்து கெண்டைக்காலின் நடுப்பகுதிவரை தாழ்ந்த வெண்ணிற மெல்லிய மஸ்லின் பாவாடை, இளஞ்சிவப்புக் காலுறை, பட்டுக் காலணி ஆகியவையே அவரது ஒப்பனை. பொன்னும் மணியும் இல்லாத அவ்வெளிய வெண்மை அவையோரைக் கவர்ந்தது. பாரிஸ் ஓபரா அரங்கில் 1822இலேயே வாயு விளக்குகள் அமைக்கப்பட்டிருந்தன. ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் கூடிய அவ்விளக்குகளின் மங்கலான வெளிச்சத்தில் வெண்மஸ்லின் நிலவொளி போல் தோன்றியது. கால்விரல் நுனியில் நின்று ஆடிய தாலியோனி மண்ணைத் தொடாதவர் போலவே காணப்பட்டார்.

இங்கு ஓர் முரண்பாடு நம் கவனத்திற்குரியது. இவ்வாடை மாம்சத்தைக் காட்டுவதற்கென்று உருவானதன்று. மாம்சம் அற்ற ஆவியை மேடையில் உணர்த்தவே அது உருவாயிற்று. அடுத்த அறுபது ஆண்டுகளில் அதே ஆடை மாம்ச இச்சையின் அடையாளம் எனப் பிரசங்க பீடங்களில் கண்டிக்கப்படும் என்று அன்று எவரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

‘லா சில்ஃபீட்’ அதே ஆண்டில் லண்டனுக்கும் வந்தது. அக்காலத்தில் சிறுமியாயிருந்த இளவரசி விக்டோரியா தம் ஆசிரியை லேசன் அம்மையாரோடு சேர்ந்து 132 மரப்பாவைகளுக்கு ஆடை தைத்து அணிவித்தார். மேடையில் தாம் கண்ட ஓபரா, பாலே பாத்திரங்களும் அப்பாவைகளுள் இடம்பெற்றிருந்தன. 1845 ஜூலையில் தாலியோனி, கார்லொட்டா கிரிசி, ஃபானி செரிட்டோ, லூசில் கிரான் ஆகிய நால்வரும் ஒரே மேடையில் ஆடிய ‘பா த காத்ர்’ என்னும் நடனத்தை அரசியார் நேரில் கண்டு களித்தார். ஆகவே விக்டோரியா காலத்தின் முற்பகுதியில் பாலே அரசகுடும்பமும் உயர்குடியினரும் விரும்பிய மதிப்புக்குரிய கலையாகவே விளங்கிற்று.

2. ஆடையும் தீயும்

அழகிய அவ்வாடைக்குள் மரணம் ஒளிந்திருந்தது. மஸ்லினும், டார்லட்டன் எனப்படும் கஞ்சியிட்ட மெல்லிய பருத்தித் துணியும் இழைகளுக்கிடையே காற்றோட்டம் மிக்கவை. அடுக்கடுக்காகத் தைக்கப்பட்ட பாவாடையில் ஒரு பொறி பட்டால் நொடிப்பொழுதில் முழு ஆடையும் பற்றியெரியும். மேடையின் முன்விளிம்பிலும் பக்கத் திரைகளுக்கிடையிலும் எரிந்த விளக்குகளோ பெரும்பாலும் திறந்த சுடர்கள். ஆடையை நிலவொளியாகக் காட்டிய அதே தீ அதனை உடுத்தியவளின் உயிருக்கும் எமனாயிற்று.

1844 டிசம்பர் 14ஆம் நாள் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் ‘அந்தப்புரத்தின் கலகம்’ என்னும் பாலே நிகழ்ந்தபோது, கிளாரா வெப்ஸ்டர் என்னும் இளம் நடனமாதின் ஆடை மேடை விளக்கில் பட்டுத் தீப்பற்றியது. உடன் ஆடிய பெண்களின் ஆடைகளும் அதே துணியாலானவை. ஆதலால் அவர்கள் அவரருகே செல்ல அஞ்சினர். அரங்கத் தொழிலாளர் ஒருவரே பாய்ந்து தீயை அணைத்தார். மூன்று நாட்களுக்குப் பின்னர் கிளாரா இறந்தார். ஆங்கில நாடு ஈன்ற மிகச்சிறந்த நடனமாதாக வருவார் என எதிர்பார்க்கப்பட்டவர் அவர்.

தீயைத் தாங்கும் துணி அக்காலத்தில் இல்லாமற் போகவில்லை. பிரான்சில் கார்ட்டெரோன் என்பவர் துணியை ரசாயனக் கரைசலில் தோய்க்கும் முறையொன்றை ஏற்படுத்தினார். 1859இல் அரசாணை அம்முறையை அரங்குகளுக்குக் கட்டாயமாக்கிற்று. ஆனால் அக்கரைசலில் தோய்ந்த துணி விறைத்து, வெண்மை மங்கி, அழுக்கேறியது போல் தோன்றிற்று. தாலியோனியின் மாணவியான எம்மா லிவ்ரி அத்தகைய ஆடையை உடுத்த மறுத்து, அதன் பொறுப்பைத் தாமே ஏற்பதாக அரங்க நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தார். 1862 நவம்பர் 15ஆம் நாள் ஒத்திகையின்போது அவர் பாவாடை விளக்கில் பற்றியது. எட்டு மாதம் துன்புற்று 1863 ஜூலை 26ஆம் நாள் அவர் மரித்தார். கருகிய அவ்வாடையின் எஞ்சிய துண்டுகள் பாரிஸ் ஓபரா அருங்காட்சியகத்தில் காக்கப்பட்டு வந்துள்ளன.

லிவ்ரி ஏன் மறுத்தார் என்பதை நாம் எளிதில் குறைகூறிவிடலாகாது. அழுக்கேறிய தோற்றத்தோடு மேடையேறும் நடனமாதை அவை விரும்புவதில்லை. அவை விரும்பாதவளுக்கு வேலை நிலைப்பதில்லை. ஒளிவிடும் வெண்மையை விலை கொடுத்துக் கேட்டவர்கள் இருக்கைகளில் அமர்ந்திருந்தனர். அதற்குரிய விலையைத் தம் உடலால் செலுத்தியவர்கள் மேடையில் நின்றனர்.

3. இசைமன்றங்களும் சமயத்தாரின் நோக்கும்

1840களின் பிற்பகுதியில் லண்டன் உயர்குடியினரின் மோகம் பாலேயிலிருந்து விலகி ஓபராப் பாடகர்பால் சென்றது. 1847இல் சுவீடன் நாட்டுப் பாடகி ஜென்னி லிண்ட் லண்டனில் பெற்ற பெருவரவேற்பு இம்மாற்றத்தை விரைவுபடுத்திற்று. புரவலரை இழந்த பாலே மெல்ல மெல்ல இசைமன்றங்களைத் தஞ்சமடைந்தது. இசைமன்றம் என்பது மதுவும் புகையும் பாட்டும் வேடிக்கையும் ஒருங்கே கிடைக்கும் இடம். லெஸ்டர் சதுக்கத்திலிருந்த அல்ஹாம்ப்ரா இவற்றுள் புகழ்பெற்றது. அக்கட்டடம் 1854இல் அறிவியலையும் கலைகளையும் மக்களுக்குக் காட்டும் நிலையமாகத் திறக்கப்பட்டு, அது நலிவுற்றபின் 1860இல் இசைமன்றமாயிற்று. 1870இல் அங்கு ஆடப்பட்ட கான்கான் நடனம் வரம்பு மீறியதென அதன் நடன உரிமம் பறிக்கப்பட்டது. 1887 முதல் எம்பயர் இசைமன்றமும் அதற்குப் போட்டியாக எழுந்தது. அங்குக் காட்டி லானர் என்னும் அம்மையார் நடன ஆசிரியையாயிருந்து பெரும் பாலேக்களை அமைத்தார்.

இக்காலத்திற்குள் ஆடையும் மாறிவிட்டது. இத்தாலியப் பள்ளியில் பயின்ற நடனமாதர் விரல் நுனிச் சுழற்சிகளிலும் தாவல்களிலும் பெருந்திறன் காட்டினர். கால் முழுவதும் தெரிந்தாலன்றி அத்திறன் விளங்காதாகையால் பாவாடை முழங்காலுக்கு மேலேறி, இடையிலிருந்து விரிந்து நிற்கும் குட்டைப் பாவாடையாயிற்று. அதனடியில் தோல் நிறத்தை ஒத்த இறுக்கமான காலுறை அணியப்பட்டது. மேசைக்கடியில் இருப்பினும் பெண்ணின் கணுக்கால் தெரியலாகாது என எண்ணிய சமுதாயத்துக்கு இது அதிர்ச்சியாயிருந்ததில் வியப்பில்லை. ஆனால் அதே சமுதாயத்தின் உயர்குடிப் பெண்கள் அரசியாரின் அவைக்குச் செல்லும்போது கழுத்தும் தோளும் திறந்த ஆடையை அணியவேண்டும் என்பது அரண்மனை விதியாயிருந்தது. வெட்கம் என்பது உடலின் எப்பகுதியில் குடியிருக்கிறது என்பதை வழக்கமே தீர்மானித்தது.

நாடகத்தைப் பற்றித் திருச்சபையின் ஐயம் பழமையானது. தெர்த்துல்லியன் காட்சிகளைக் கண்டித்து ஒரு நூலே இயற்றினார். 1633இல் வெளியான தம் நூலில் நாடகத்தையும் நடனத்தையும் கடுமையாகத் தாக்கிய பியூரிட்டன் வழக்கறிஞர் வில்லியம் பிரின் அதன் பொருட்டுச் செவிகள் அறுக்கப்பட்டார். இவ்வையத்தின் மரபில் வளர்ந்த விக்டோரியா காலப் பக்தர் பலர் நாடக அரங்கின் வாசலை மிதிப்பதே பாவம் எனக் கருதினர். ‘பாலே பெண்’ என்ற சொல்லே ஒழுக்கமற்றவள் என்ற பொருளைத் தரலாயிற்று. ஆயினும் உண்மையறிந்தோர் வேறு விதமாய் எழுதினர். 1847இல் ஆல்பர்ட் ஸ்மித் என்னும் நகைச்சுவை எழுத்தாளர் பாலே பெண்ணைப் பற்றி வெளியிட்ட சிறுநூலில், அவள் பகலெல்லாம் ஒத்திகையும் இரவெல்லாம் ஆட்டமுமாய் உழைத்து, சிறு கூலி பெற்று, குடும்பத்தைத் தாங்கும் தொழிலாளியே என்று எடுத்துக்காட்டினார்.

4. ஸ்டூவர்ட் ஹெட்லம்

இச்சூழலில்தான் அருட்திரு ஸ்டூவர்ட் ஹெட்லம் (1847–1924) நம் முன் வருகிறார். ஈட்டன் பள்ளியிலும் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியிலும் பயின்ற இவர், அங்குப் பேராசிரியராயிருந்த எஃப். டி. மாரிஸ் அவர்களின் போதனையால் ஆட்கொள்ளப்பட்டார். கிறிஸ்து மனுக்குலம் அனைத்திற்கும் தலைவர். மனிதர் அறிந்தாலும் அறியாவிட்டாலும் அவருக்குரியவரே என்பது மாரிஸின் இறையியலின் உயிர்நாடி. 1870இல் ட்ரூரி லேன் பகுதியிலிருந்த தூய யோவான் ஆலயத்தில் ஹெட்லம் உதவிக் குருவானவராகப் பணி தொடங்கினார்.

அரங்குகள் சூழ்ந்த அப்பகுதியின் சபையில் திருவிருந்து பெறுவோருள் மேடையில் பணிபுரியும் பெண்களும் இருந்தனர். அவர்கள் தம் தொழிலை வெளிப்படுத்தாது மறைத்து வந்தனர். தெரிந்துவிட்டால் உடன் விசுவாசிகள் தம்மை விலக்கிவைப்பர் என்ற அச்சமே காரணம் என்பதை ஹெட்லம் அறிந்தார். இவ்வறிவே அவருடைய வாழ்க்கைப் போராட்டத்தின் ஊற்று எனலாம். உடைபட்ட அப்பமும் ஒரே பாத்திரமும் ஒருமையின் அடையாளமாக வழங்கப்படும் பந்தியில், தம் பிழைப்பை மறைத்தாலன்றி நிற்க முடியாத பெண்கள் முழங்காலிட்டிருந்தனர்.

1873 முதல் அவர் கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீன் தூய மத்தேயு ஆலயத்தில் பணியாற்றினார். 1877இல் தூய மத்தேயு சங்கம் என்னும் கிறிஸ்தவ சமதர்ம அமைப்பைத் தோற்றுவித்தார். அவ்வாண்டு அக்டோபர் 7ஆம் நாள் உழைப்பாளர் கழகமொன்றில், நாடக அரங்குகளையும் இசைமன்றங்களையும் குறித்து அவர் ஆற்றிய சொற்பொழிவு நாடகப் பத்திரிகையில் வெளியாயிற்று. உழைத்துக் களைத்த ஏழைகளுக்கு அரங்கு நன்மையான மகிழ்வைத் தரக்கூடும் என்றும், அங்கு ஆடும் பெண்கள் மதிப்புக்குரியவர் என்றும் அவர் கூறினார். லண்டன் பேராயர் ஜான் ஜாக்சன் மனம் வருந்தி அவருக்கு எழுதினார். ஹெட்லத்தின் தூண்டுதலால் அவ்விடங்களுக்குச் சென்று நாணத்தை இழந்தவர்களை நியாயத்தீர்ப்பின் ஆசனத்திற்கு முன் அவர் சந்திக்க நேராதிருக்கவேண்டும் என்பது அப்பேராயரின் வேண்டுதல். 1878இல் ஹெட்லம் தம் பதவியை இழந்தார்.

ஹெட்லம் பின்வாங்கவில்லை. 1879 மே 30ஆம் நாள் ‘திருச்சபை–மேடைச் சங்கம்’ என்பதை நிறுவினார். திருச்சபையாருக்குள் மேடைக் கலைஞரைப் பற்றிய தவறான எண்ணத்தை நீக்குவதும், இரு சாராருக்குமிடையே நட்பும் சமய உறவும் வளர்ப்பதும் இதன் நோக்கங்கள். ஓராண்டிற்குள் 470க்கு மேற்பட்டோர் சேர்ந்தனர். அவர்களுள் குருமார் குறைந்தது 91 பேர், மேடைத் தொழிலர் 172 பேர். குருவானவரும் நடனமாதும் ஒரே கூடத்தில் அமர்ந்து உரையாடுவது அந்நாளில் கேள்விப்படாத காட்சி.

ஜாக்சனுக்குப் பின் 1885இல் லண்டன் பேராயரான ஃபிரெடெரிக் டெம்பிளும் ஹெட்லத்திற்குப் பணியுரிமை அளிக்க மறுத்தார். 1898இல் பேராயர் மாண்டெல் கிரைட்டன் அதனை வழங்கும்வரை, ஆண்டுக்கணக்காக ஹெட்லம் தமக்கென ஒரு சபையின்றி வாழ்ந்தார். இடையில் 1888 முதல் லண்டன் பள்ளி வாரியத்தின் உறுப்பினராகி ஏழைக் குழந்தைகளின் கல்விக்கு உழைத்தார்.

5. ஆடையைப் பற்றிய வாதம்

எதிர்ப்பாளரின் வாதத்தை நாம் நேர்மையுடன் எடுத்துரைக்க வேண்டும். நடனமாது தன்னளவில் கற்புடையவளாயிருக்கலாம்; ஆயினும் அவள் ஆடை பார்ப்போருடைய, சிறப்பாக இளைஞருடைய உள்ளத்தைக் கெடுக்கக்கூடும்; பலவீனமான சகோதரனுக்கு இடறலாகக் கூடாதென்று அப்போஸ்தலன் கட்டளையிட்டிருக்கிறார்; ஆதலின் திருச்சபை அதனை ஆதரித்தல் தகாது என்பதே அவ்வாதம். ஆயர்ப்பொறுப்பிலுள்ள எவரும் இதனை இகழ்ந்து தள்ளிவிட இயலாது.

ஹெட்லத்தின் மறுமொழி இருவகைப்பட்டது. முதலாவது, கலையைப் பற்றியது. அறியாமையே இவ்வெதிர்ப்பிற்குக் காரணம் என அவர் கருதினார். இத்தாலிய ஆசான் கார்லோ பிளாசிஸ் எழுதிய நடன இலக்கணத்தை 1888இல் தாமே பதிப்பித்து வெளியிட்டார். நடனத்தின் நிலைகளையும் அடிகளையும் கற்றறிந்தவன் காலைக் காணும்போது பல்லாண்டு உழைப்பின் ஒழுங்கைக் காண்பான். கல்லாதவன் காலை மட்டுமே காண்பான் என்பது அவர் கொள்கையின் சாரம்.

இரண்டாவது, இறையியலைப் பற்றியது. வார்த்தையானவர் மாம்சமானார் என்று அறிக்கையிடும் திருச்சபை, மனித உடலை வெட்கத்திற்குரியதென எண்ணுதல் தகுமா என்று அவர் வினவினார். சாக்கிரமந்து என்பது உள்ளான கிருபைக்கு வெளியரங்கமான அடையாளம் என ஞானோபதேசத்தில் கற்பிக்கப்படுகிறதன்றோ? அவ்விளக்கத்தையே நடனக்கலைக்கும் பொருத்திப் பேச அவர் துணிந்தார். இத்துணிவு பலரைத் திடுக்கிடச் செய்தது. சாக்கிரமந்தின் பொருளை இவ்வளவு தூரம் விரித்தல் தகுமோ என்பது இன்றும் விவாதத்திற்குரியது. ஆயினும் அவர் சுட்டிய திசை மனிதாவதாரக் கோட்பாட்டிற்கு அயலானதன்று.

வேதாகமத்திலும் நடனமும் ஆடையும் ஒருங்கே வரும் இடம் ஒன்று உண்டு. உடன்படிக்கைப் பெட்டியின் முன்பாகத் தாவீது சணல்நூல் ஏபோத்தைத் தரித்து ஆடியதைச் சவுலின் குமாரத்தி மீகாள் பலகணி வழியாகக் கண்டு அவமதித்தாள் என 2 சாமுவேல் 6ஆம் அதிகாரம் கூறுகிறது. அவள் கடிந்துகொண்டது தாவீதின் பக்தியையன்று. அடிமைப் பெண்களின் கண்கள் காண அவன் தன் ஆடையைக் களைந்ததையே. மறுபுறம், ஏரோதின் விருந்தில் ஆடிய பெண்ணின் நடனம் யோவான் ஸ்நானனின் தலைக்கு விலையாயிற்று. இவ்விரண்டு நடனங்களையும் ஒரே வேதம் நமக்குத் தந்திருப்பதால், பாவாடையின் அளவைக்கொண்டு நடனத்தை அளப்பது போதாது என்பது தெளிவு. ஏரோதின் விருந்திலுங்கூடப் பழி ஆடிய சிறுபெண்ணின்மேல் மட்டுமன்று. ஆணையிட்ட அரசன்மேலும், பந்தியமர்ந்து பார்த்திருந்தவர்மேலும் உள்ளது.

6. எம்பயர் வழக்கு, 1894

இரு நோக்குகளும் வெளிப்படையாக மோதியது 1894இல். லாரா ஆர்மிஸ்டன் சாண்ட் என்னும் அம்மையார் எம்பயர் இசைமன்றத்தின் உரிமத்தைப் புதுப்பிக்கலாகாதென லண்டன் நகர மாவட்ட மன்றத்தின்முன் முறையிட்டார். அம்மன்றத்தின் உலாவிடத்தில் விலைமாதர் வாடிக்கை தேடுகின்றனர் என்பது அவருடைய முதற் குற்றச்சாட்டு. மேடை ஆடைகள் தகாதவை என்பது இரண்டாவது. செய்தித்தாள்கள் அவரை எள்ளி நகையாடின. ஆனால் அவரை வெறும் குறுகிய மனத்தினர் என ஒதுக்குவது அநீதியாகும். முன்னாளில் லண்டன் மருத்துவமனையில் செவிலியாகப் பணியாற்றியவர், பெண்களின் வாக்குரிமைக்காக உழைத்தவர் அவர். பெண்ணின் உடல் விற்பனைப் பொருளாவதை அவர் தம் கண்ணால் கண்டிருந்தார்.

உலாவிடத்தைத் தடுப்பால் பிரிக்கவேண்டுமென்று மன்றம் கட்டளையிட்டது. நவம்பர் 3ஆம் நாள் எம்பயர் மீண்டும் திறக்கப்பட்டபோது இளைஞர் கூட்டமொன்று அத்தடுப்பை இடித்துத் தள்ளியது. அவர்களுள் போர்ப்பள்ளி மாணவராயிருந்த வின்ஸ்டன் சர்ச்சிலும் ஒருவர். ஹெட்லமோ இவ்வழக்கில் சாண்ட் அம்மையாருக்கு எதிரணியில் நின்று, மேடைப் பெண்களின் பிழைப்பையும் மானத்தையும் காக்க முனைந்தார்.

இருவரும் கிறிஸ்தவப் பற்றால் உந்தப்பட்டவரே. இருவரும் பாதி உண்மையைக் கண்டவரே. சாண்ட் அம்மையார் சுட்டிய வாணிபம் உண்மையானது. ஆனால் அவருடைய சொல் விற்பவனையும் வாங்குபவனையும் சுட்டதோடு உழைக்கும் பெண்ணையும் சுட்டது. ஹெட்லம் நடனமாதின் மானத்தைக் காத்தார். ஆனால் கலையின் அழகில் ஈடுபட்ட அவர், அக்கலையை முதலாக வைத்துப் பணம் ஈட்டிய அமைப்பின்மேல் போதிய கடுமை காட்டினாரா என்பது ஐயமே. இவ்விரு அணியினரின் வாதத்திலும் ஆடையின் நீளம் பேசப்பட்ட அளவிற்கு ஆடையின் தீயோ, உடுத்தியவளின் கூலியோ பேசப்படவில்லை.

7. தமிழ்நாட்டுத் தொடர்பு

இவ்வரலாறு முற்றிலும் அயல்நாட்டிற்குரியதன்று. 1838இல் புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள திருவந்திபுரம் கோயிலைச் சேர்ந்த தேவதாசியர் ஐவரும் இசைவாணர் மூவரும் பிரெஞ்சு வணிகர் ஒருவரோடு ஏற்பட்ட ஒப்பந்தத்தின் பேரில் ஐரோப்பா சென்றனர். பாரிஸில் ஆடியபின் அவ்வாண்டு அக்டோபரில் லண்டன் அடெல்ஃபி அரங்கில் ஆடினர். இந்திய நடனமாதைக் கற்பனையாகப் படைத்த பாலே ஒன்றில் தாலியோனி ஆடிப் புகழ்பெற்றிருந்த காலம் அது. உண்மையான தமிழ் நடனமாதரைக் கண்டபோது ஐரோப்பியப் பார்வையாளர் பலர் வியப்புற்றனர். தாங்கள் கற்பனையில் கண்டது வேறு, மேடையில் நின்றது வேறு. ஐரோப்பிய ஆடை காலைக் காட்டிற்று. தமிழ் நடனமாதரின் ஆடை கால்களை மூடியிருந்தது. ஆயினும் இருவர்மேலும் விழுந்த பழிச்சொல் ஒன்றே.

லண்டனில் எம்பயர் வழக்கு எழுந்ததற்கு ஓராண்டு முன்னர், 1893இல், சென்னையில் இந்து சமூக சீர்திருத்தச் சங்கத்தார் சதிராட்ட நிகழ்ச்சிகளுக்கு அரசப் பிரதிநிதியும் ஆளுநரும் செல்லலாகாதென விண்ணப்பித்தனர். மிஷனெரிமாரும் கிறிஸ்தவப் பிரசுரங்களும் இவ்வியக்கத்திற்குத் துணைநின்றன. ஒழுக்கத் தூய்மைக்காக இங்கிலாந்தில் எழுந்த இயக்கங்களின் மொழியே இங்கும் ஒலித்தது. சிறுமியரைக் கோயிலுக்கு அர்ப்பணிக்கும் வழக்கத்தில் நிகழ்ந்த கொடுமை உண்மையானது; 1947ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தடைசெய்தது நன்மையே. ஆனால் வழக்கத்தைக் கண்டித்த வேகத்தில், அதற்குள் சிக்கிய பெண்ணின் கலையும் பிழைப்பும் என்னாகும் என்று கேட்டவர் சிலரே.

8. ஆயர்பணிக்கு ஒரு படிப்பினை

திருச்சபை–மேடைச் சங்கம் 1900ஆம் ஆண்டளவில் கலைந்தது. வாயு விளக்கு போய் மின்விளக்கு வந்தது. மேடைத்தீயின் அச்சம் குறைந்தது. ஒருநாள் அவமானமென எண்ணப்பட்ட குட்டைப் பாவாடையில் இன்று கிறிஸ்தவப் பெற்றோர் தம் சிறுமியரை நடனப் பள்ளிக்கு அனுப்புகின்றனர். வெட்கத்தின் எல்லை மாறிவிட்டது. அவ்வெல்லையை நித்திய கற்பனையாக எண்ணி அதன் பொருட்டுத் தம் குருவானவரைத் தள்ளிவைத்த பேராயர்கள் தீயவர் அல்லர், கவலையுள்ள மேய்ப்பர்களே. அவர்கள் தவறியது ஓர் இடத்தில்தான். இடறலைப் பற்றிப் பேசியபோது, பார்க்கும் இளைஞனின் ஆத்துமாவை எண்ணினர். ஆடும் பெண்ணின் ஆத்துமாவும் தங்கள் பொறுப்பே என்பதை அதே அளவிற்கு எண்ணவில்லை. பலவீனமான சகோதரனைப் பற்றிய அப்போஸ்தலனின் சொல், பந்தியின் ஓரத்தில் அஞ்சி முழங்காலிட்ட சகோதரிக்கும் உரியதன்றோ?

ஒவ்வொரு தலைமுறையிலும் திருச்சபை சில தொழில்களை ஐயத்தோடு நோக்குகிறது. அத்தொழில்களில் உள்ள தீமையை வெளிப்படுத்திக் கண்டிப்பது அதன் கடமை. அதற்குமுன் மேய்ப்பர் அறியவேண்டியவை சில உண்டு: அத்தொழிலில் உழைப்பவர் யார், அவர் பெறும் கூலி என்ன, அவருக்கு நேரும் ஆபத்து எது, அதனால் ஆதாயம் பெறுவோர் எவர் என்பவை. இவற்றை அறியாமல் எழும் கண்டனம் எளியவர்மேலேயே விழும்.

இறையியல் மாணவர் தம் சபைகளுக்குச் செல்லும்போது, ட்ரூரி லேன் ஆலயத்தின் அப்பெண்களை நினைவிற் கொள்வாராக. நம் பீடத்தின்முன் முழங்காலிடுவோருள் தம் பிழைப்பை ஆயரிடம் சொல்ல அஞ்சுகிறவர் உண்டா என்பதை நாம் எவ்வளவு தூரம் அறிந்திருக்கிறோம்? அவர் அஞ்சுவது ஆண்டவரையா, அன்றி அருகில் முழங்காலிட்டிருக்கும் நம்மையா? வரலாறு நம்முன் வைக்கும் வினா இதுவே. இதற்கு விடையைப் பிரசங்க பீடத்திலிருந்து கூறுவதினும், வீடுகளைச் சந்திக்கும் பணியில் தேடுவதே ஆயர்க்குரிய வழியாகும்.